குல்ஸு இத்தாவும் சம்பந்தி வீட்டு மட்டையும்

என் இத்தா குல்ஸுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பது சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்க்க விட வேண்டும். கூடப் பிறந்த அக்காவைத் திட்ட எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் பெண்கள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்மார்தான் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அதனால் நானும் அவளும் பிறந்த வீட்டிலேயே, கவ்வாயிக் காயலின் கரையிலேயே, ஒரே அடுப்படியில் இத்தனை காலமும் முட்டிக்கொண்டு கிடக்கிறோம். அவளுக்கு ஒரே மகள், தஸ்னி. எனக்குப் பிள்ளையில்லை. தஸ்னியை நானும்தான் வளர்த்தேன்.

காயலில் கழி நட்டு, மூங்கில் பந்தல் போட்டு, அதில் கயிறு தொங்கவிட்டுக் கல்லுமக்காய் என்கிற சிப்பியை வளர்க்கும் வேலையை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தவள் இத்தாதான். அதற்கு முன்பு கல்லுமக்காய் என்றால் ஆண்கள் கடற்பாறையில் மூழ்கிப் பறித்து வருவது. மீன்துறைக்காரர்கள் நடத்திய வகுப்புக்கு இவள் மட்டும் போய்விட்டு வந்து கயிறு திரித்தபோது, "கொடியில காய்க்க அது என்ன பாவக்காயா?" என்று கரையே சிரித்தது. இவள் காதிலேயே வாங்கவில்லை. குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, கொசுவலைத் துணியால் பொதிந்து தைத்து, இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொன்றாக இறக்கினாள். துணி நீரில் இற்றுப்போவதற்குள் குஞ்சு தன் நாரால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். கோடை முடிவில் இழுத்துப் பார்த்தால் ஒரு கயிற்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்த வருடம் மூங்கில் வெட்டப் போனார்கள். இப்போது எங்கள் குழுவில் ஐந்து பெண்கள், ஆளுக்கு ஒரு பந்தல்.

கல்லுமக்காய்க்கு உப்பு வேண்டும். எடவ மாத மழை, அதாவது வைகாசி மழை, பிடித்துவிட்டால் ஆறுகள் காயலுக்குள் இறங்கி உப்பை விரட்டிவிடும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் கரையேற்றிவிட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தாவோ தினமும் காலையில் ஒரு விரலைக் காயலில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னிக்கு நல்லாருக்கு", "இன்னிக்குச் சப்புன்னு இருக்கு" என்று சமையல்காரி குழம்பு பார்ப்பதுபோல் சொல்வாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தத் தலைக்கனமும் அவளுக்கு உண்டு.

இவ்வளவு கெட்டிக்காரியான ஒருத்தி இப்படியொரு வேலை செய்வாளா என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தஸ்னிக்குக் கல்யாணம் முடிந்தது. புதியாப்பிளை ஜம்ஷீர் நல்ல பையன், துபாயில் வேலை. கல்யாணம் கழிந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அவனைப் பெற்ற உப்பா, எங்கள் சம்பந்தி போக்கர் ஹாஜிக்கு மட்டைத் தொழில். தேங்காய் மட்டையைத் தோணி தோணியாகக் கொண்டுவந்து நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகின பிறகு எடுத்து, அடித்து நாராக்கிக் கயிற்றுக்காரர்களுக்குக் கொடுப்பார். ஒருநாள் மரியாதைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாயா குடித்துக்கொண்டே, காயலில் இறங்கும் படித்துறையான எங்கள் கடவைப் பார்த்தார்.

"நல்ல அமைதியான தண்ணி. மட்டை போட்டா ஆடாம அசையாம கிடக்கும்," என்றார்.

மனுஷன் சும்மா சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியாதா? ஆனால் என் இத்தாவால் சும்மா இருக்க முடியுமா?

"போடுங்களேன். இதென்ன, உங்க வீட்டுக் கடவு மாதிரிதானே. நீங்க போட்டாத்தான் எங்களுக்குச் சந்தோஷம்."

"இல்லல்ல, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"போடலைன்னாத்தான் எனக்கு வருத்தம்."

போட்டார். முதலில் ஒரு தோணி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வாராவாரம். இத்தாவின் பந்தலை ஒட்டினாற்போலவே கல்லைக் கட்டி மட்டையை அமிழ்த்தினார்கள். கொஞ்ச நாளில் நாற்றம் ஆரம்பித்தது. அழுகின முட்டை நாற்றம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. நண்டுகள் மூச்சுமுட்டிப் பந்தல் கழியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. தஸ்னி கடவில் இறங்கித் துணி அலசியவள், "எளேமா, என் கொலுசைப் பாருங்க," என்று என்னிடம் ஓடிவந்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய புது வெள்ளிக் கொலுசு, கரிச்சட்டி மாதிரி கறுத்துப்போயிருந்தது.

மீன்துறையிலிருந்து எங்கள் குழுவைப் பார்க்க வரும் ரஜிதா தோணியை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்தினாள். ஏதோ கருவியை நீரில் விட்டு, மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை பார்த்தாள்.

"இத்தா, மட்டை அழுகறப்போ தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் அதுவே தின்னுரும். மூச்சு விடறதுக்கு எதுவும் மிஞ்சாது. போதாததுக்கு அடியில இந்த நாத்தம் பிடிச்ச விஷக் காத்து வேற. வெள்ளியே கறுக்குதுன்னா கல்லுமக்காய் என்ன ஆகும்? மேலாப்புல இருக்கறதால இப்போ தப்பிச்சுக் கெடக்கு. இந்த மட்டையை வேற எங்கயாச்சும் மாத்தச் சொல்லுங்க."

"பாப்போம், பாப்போம். சாயா குடிச்சியா நீ?" என்றாள் இத்தா.

அன்றைக்கு ராத்திரிச் சோறுகூட இறங்கவில்லை எனக்கு. "ஒரு வார்த்தை சொல்லேன் இத்தா. சம்பந்தி என்ன புலியா, சிங்கமா?" என்றேன்.

"கல்யாணம் முடிஞ்சு வருஷம் ஒண்ணு ஆகலை. அதுக்குள்ள போய், உங்க மட்டை நாறுதுன்னு சொல்லச் சொல்றியா? அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு நம்ம வாசப்படி ஏற வேண்டாமா?"

"நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"சொல்லு. அப்புறம் என் மய்யித்தைப் பார்க்க வா."

பிணமாவேன் என்கிறவளிடம் இதற்குமேல் என்ன பேசுவது?

அவள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய புருஷன் ஹம்சா எங்கள் வீட்டுக்குப் புதியாப்பிளையாக வந்த முதல் நோன்பில், எங்கள் உம்மாவுக்கு டைபாய்டு. வீட்டில் சமைக்க ஆளில்லை. நானும் இத்தாவும் சமையல் அறியாத வயது. முதல் நோன்பு திறக்க வரும் புதியாப்பிளைக்குப் பெரிய விருந்து வைப்பது வழக்கம்; அவனுக்குக் கஞ்சியும் கருவாடும்தான் வைக்க முடிந்தது. தினமும் வந்தவன் வாரத்துக்கு ஒருநாள் என்று ஆனான், மாதத்துக்கு ஒருநாள் என்று ஆனான், தஸ்னி வயிற்றில் இருந்தபோது மங்களூரில் இன்னொரு வீட்டுக்குப் புதியாப்பிளை ஆகிவிட்டான். அவன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன், பிரியாணி போட்டிருந்தாலும் போயிருப்பான் என்று நான் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். இத்தா கேட்க மாட்டாள். கருவாடு வைத்ததால்தான் போனான் என்பது அவள் முடிவு. அதை மாற்ற அந்தப் படச்சவனாலும் ஆகாது.

அதனால் ஜம்ஷீருக்கு முதல் நோன்பில் விருந்து வைத்துத் திணறடிக்க வேண்டும். விருந்தின் நடுவில் கல்லுமக்காய் நிறைத்தது இருக்க வேண்டும். அதுவும் கடையில் வாங்கிய சதையாக இல்லாமல் உயிரோடு ஓட்டோடு எடுத்து, ஓட்டைப் பிளந்து, அரிசியும் தேங்காயும் பெருஞ்சீரகமும் அரைத்து அடைத்து, வேகவைத்து, மிளகாய் தடவிப் பொரித்தது. அதுவும் அவள் கயிற்றில் காய்த்ததாகவே இருக்க வேண்டும். அந்த வருடம் நோன்பு மே மாதக் கடைசியில் பிறந்தது. ஜம்ஷீருக்கு லீவு கிடைத்ததோ அதற்கும் பிறகு. மழை எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்ற நேரம்.

நாங்கள் நாலு பேரும் அறுவடையை முடித்து, வெள்ளத்துக்கு முன்னால் மூங்கிலைப் பிரித்துக் கரையேற்றிவிட்டோம். இத்தாவின் பந்தல் மட்டும் ஒற்றையாகக் காயலில் நின்றது.

"என் மூங்கிலைத் திரும்ப நட்டுத் தரேன். காயல் கடல்ல சேர்ற அழிமுகத்துப் பக்கம் உப்பும் இருக்கும், மட்டையும் கிடையாது. கயிறுகளை அங்க மாத்திடு," என்று நளினியேச்சி சொன்னாள். நளினியேச்சி எங்கள் குழுவில் மூத்தவள், பக்கத்து வீட்டுக்காரி.

"மாத்தினா, ஏன் மாத்தினீங்கன்னு சம்பந்தி கேட்பாரே," என்றாள் இத்தா.

நளினியேச்சி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

நோன்பு பிறந்த மூன்றாம் நாள் மழை இறங்கியது. சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ரஜிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். மழைத்தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத்தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், மேலே உப்பு குறைந்ததும் கயிறுகளைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள் என்றாள். "கொஞ்சம்தான் இத்தா. ஒரு முழம். ரொம்ப இறக்கினா மட்டை நாத்தத்துல போய் விழும்." மேலே போனால் மழை, கீழே போனால் மட்டை. அந்தப் பாவப்பட்ட ஜீவன்கள் இரண்டுக்கும் நடுவே இருதலைக் கொள்ளி எறும்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரு வாய்வார்த்தை சொல்லாததால். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உப்பு எப்போது குறைகிறது என்று பார்க்க வேண்டுமே. வழக்கமாக விரலை நாக்கில் வைப்பவள், நோன்பு வைத்துக்கொண்டு காயல் நீரை நாக்கில் வைப்பாளா? "துப்பினாப் போச்சு, நோன்பு முறியாது," என்றேன். "நோன்பு நோத்துக்கிட்டு நாக்குல தண்ணியா? நீ வேணா வை," என்றாள். நானும்தான் நோன்பு. எனக்கும் மனசு வரவில்லை, அது வேறு விஷயம். ரஜிதாவைக் கருவியோடு வரச் சொல்லியிருக்கலாம். மழையில் அந்தப் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு மரியாதை. கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி, நளினியேச்சியை ருசி பார்க்கச் சொல்வது. நளினியேச்சிக்குத்தான் நோன்பில்லையே. நோன்பு திறந்த பிறகு நீயே பாரேன் என்றால், இருட்டில் கொட்டுகிற மழையில் யார் இறங்குவது என்றாள்.

காலையும் மாலையும் இரண்டு பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு கடவில் இறங்குவார்கள். நளினியேச்சி ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவாள்.

"எப்படி ஏச்சி?"

"இருக்கு குல்ஸு. கரிக்குது."

"நல்லாக் கரிக்குதா?"

"நல்லாவே."

இப்படியே நாட்கள் ஓடின. கயிறுகள் மேலேயே கிடந்தன. ஒருநாள் மாலை நானும் கூடப் போனேன். நளினியேச்சி தண்ணீரைத் துப்பினாள். துப்பினது செக்கச் செவேலென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நளினியேச்சி விழித்ததிலிருந்து தூங்கும்வரை வெற்றிலையும் புகையிலையும் சுண்ணாம்புமாக அடைத்துக்கொண்டிருப்பவள். அந்த நாக்கில் உப்பைக் கொட்டினாலும் ஒன்றுதான், சர்க்கரையைக் கொட்டினாலும் ஒன்றுதான். அவளுக்கு எந்நேரமும் கரிக்கத்தான் செய்யும்.

"ஏச்சி, உங்க வாயில எது போட்டாலும் கரிக்கும்ல?" என்று கேட்டேன்.

நளினியேச்சி கொஞ்சம் யோசித்தாள். "ஆமாமா, சோறுகூடக் கரிக்குது இப்பல்லாம்," என்றாள் நிதானமாக.

நோன்பு திறந்த கையோடு இத்தா ஓடிப்போய் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் செத்துப்போயிற்று. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்ததாம். கல்லுமக்காய் நல்ல தண்ணீரைக் கண்டால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் சொட்டு உப்பு நீரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். எத்தனை நாள் அப்படிக் கிடக்கும்? அதுவும் ஒரு ஜீவன்தானே. இத்தாவுக்குப் பதற்றம் தலைக்கேறிவிட்டது. ஒரு முழம் என்று ரஜிதா சொன்னதெல்லாம் பறந்துபோயிற்று. "அடியிலதான் உப்பு, அடியிலதான் உப்பு" என்று புலம்பிக்கொண்டே கழுத்தளவு நீரில் இறங்கி, எல்லாக் கயிறுகளையும் தரை தட்டும் மட்டும் இறக்கிக் கட்டினாள். நான் கரையில் நின்று கத்தினேன். மழைச் சத்தத்தில் கேட்டதோ, கேட்காததுபோல் இருந்தாளோ.

சில நாள் கழித்து, ஜம்ஷீர் வந்து சேர்ந்த அன்று மத்தியானம் நானும் அவளும் தஸ்னியும் கயிறுகளை இழுத்தோம். கயிறு லேசாக வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதி ஓடுகள் நாரை விட்டு அடியில் உதிர்ந்து கிடந்தன. மிச்சமிருந்தவை வாயைப் பிளந்து, உள்ளே கறுத்து, நாறிக்கொண்டு வந்தன. அடுத்த கயிறு. அதற்கடுத்தது. ஒன்று, ஒரே ஒன்றுகூட மூடியிருக்கவில்லை. நாள் முழுக்க ஊசியும் துணியுமாக உட்கார்ந்து அவள் தைத்து இறக்கினவை.

இத்தா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்காக வாயைத் திறந்த நான், அவள் முகத்தைப் பார்த்ததும் கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தேன். தஸ்னி அழுதாள். "எந்திரி உம்மா, கோழி இருக்கு, ஆட்டிறைச்சி இருக்கு," என்றாள். இத்தா எழுந்து, கை கழுவி, அடுப்படிக்குப் போனாள். அவள் பேசாமல் சமைத்து நான் பார்த்தது அன்றுதான்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து ஜம்ஷீர் உட்கார்ந்தான். தரிக்கஞ்சி, உன்னக்காய், நெய்ப்பத்திரி, கோழி நிறைத்தது, ஆட்டிறைச்சி, முட்டைமாலை என்று இடம் போதாமல் பரப்பி வைத்திருந்தாள். பையன் பாவம், ரசித்துத்தான் சாப்பிட்டான். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு யதார்த்தமாகக் கேட்டான்:

"கல்லுமக்காய் இருக்குன்னு தஸ்னி ஃபோன்ல சொன்னாளே, உம்மா?"

கதவோரம் நின்ற இத்தா முந்தானையை இழுத்துக்கொண்டாள். "மழை முந்திக்கிச்சு மோனே. எல்லாம் போச்சு."

என்னால் முடியவில்லை. மய்யித்தோ என்னவோ, பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டது.

"மழை ஒண்ணும் இல்லை. உங்க உப்பாவோட மட்டை. காயல் அடியெல்லாம் அழுகி விஷமாப் போச்சு. இல்லைன்னா கயிறை இறக்கிக் கட்டிக் காப்பாத்தியிருக்கலாம்."

"மைமூனே," என்று என் பேரைக் கூப்பிட்டாள் இத்தா, தண்ணீரில் முங்குகிறவள் மாதிரி.

ஜம்ஷீர் கையில் எடுத்த பத்திரியைத் தட்டில் வைத்தான். "உப்பா மட்டையா? அவருக்கு அக்கரையில சொந்தக் கடவே இருக்கே, எளேமா. அது பாதி காலியாத்தான் கிடக்கு. இங்க கொண்டுவந்து போடறது தூரம், தோணிக்காரங்க தினமும் சடைச்சுக்கறாங்க. சம்பந்தி அவ்வளவு ஆசையா கேட்டாங்க, இப்போ நிறுத்தினா அவங்க மனசு நோகும்னு உப்பா புலம்பிட்டே போடறார்."

தஸ்னி உம்மாவைப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கல்யாணத்தில் இரண்டு வீடு சேர்ந்தால், இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி ஆளா கிடைக்கும்?

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உம்மா. ஏன் சொல்லலை?" என்றான் அவன்.

இத்தா தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"சொன்னா நீ வராமப் போயிடுவேன்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, வைத்ததையெல்லாம் சாப்பிட்டான். தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. கை கழுவும்போது, "நாளைக்கும் இங்கதான் நோன்பு திறப்பேன். ஆனா இத்தனை வேண்டாம் உம்மா, வயிறு தாங்காது," என்றான். இத்தா கதவுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினாள்.

அடுத்த நாள் காலையிலேயே போக்கர் ஹாஜியின் தோணிகள் வந்துவிட்டன. ஆட்கள் கல்லை அவிழ்த்து, கறுத்து நாறும் மட்டைகளை அள்ளி ஏற்றினார்கள். தோணி தோணியாக அக்கரைக்குப் போயிற்று. எனக்கு நெஞ்சில் வைத்த பாறாங்கல்லை இறக்கினதுபோல் இருந்தது. அடுத்த வருடமாவது கயிறு கனக்கும்.

கடைசித் தோணியும் நிறைந்தபோது போக்கர் ஹாஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கரையேறி வந்தார். இத்தா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

"பையன் சொன்னான். பெரிய தப்பாப் போச்சு," என்றார் அவர்.

"ஐயோ, என்ன பேச்சு இது? அவன் சின்னப் பிள்ளை, ஏதோ சொன்னான்னு எடுத்துட்டுப் போறதா? எனக்கு மனசே கேக்கலை. கிடந்துட்டுப் போகட்டுமே. என்ன நாத்தம் பெரிய நாத்தம்," என்றாள் என் கூடப்பிறந்தவள்.

போக்கர் ஹாஜி தயங்கினார். தோணியைப் பார்த்தார், இத்தாவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சங்கடம்.

"அப்போ... உங்களுக்கு வருத்தம்னா... இந்த ஒரு தோணி மட்டையை மட்டும் இங்கேயே..."

நான் செருப்பைக் கழற்றிப் போட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்பந்தி நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் சேற்றில் இறங்கி, அந்தத் தோணியை என் இரண்டு கையாலும் தள்ளிவிட்டேன்.